திட்டினது துரியோதனன், நான் இல்லை டீச்சர்

வேதாவதி டீச்சருக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இத்தனை வருடத்தில் வீட்டுக்குள் ஒரு பேச்சையாவது அவர் கடைசி வரை பேசி முடித்திருக்கிறாரா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். காரணம், புருஷன். தாரநாத ரை சாதாரண ஆள் இல்லை. சுள்ளியத்திலிருந்து காசர்கோடு வரை எந்தக் கோயிலில் தாளமத்தளை நடந்தாலும் நோட்டீஸில் முதல் பெயர் அவருடையதுதான்.

தாளமத்தளையில் வேஷம் கிடையாது, ஆட்டமும் கிடையாது. வேட்டியும் சால்வையுமாக நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். பாகவதர் ஒரு பாட்டைப் பாடி நிறுத்துவார். உடனே ஒருவர் கிருஷ்ணனாகவும் இன்னொருவர் துரியோதனனாகவும் மாறி வாயாலேயே யுத்தம் செய்வார்கள். எழுதி வைத்த வசனம் ஏதும் இல்லை. யாருக்கு வாய் வலுவோ அவருக்குக் கைதட்டல். கிருஷ்ணனே தோற்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன சபைகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

ஒரு தடவை தாரநாத ரை வாலியாக உட்கார்ந்தார். ராமன் மறைந்து நின்று அம்பு விட்டாயிற்று. வாலி செத்துப்போக வேண்டியதுதானே? மாட்டேன் என்றார். நெஞ்சில் அம்போடு முக்கால் மணி நேரம் வாதாடினார். கடைசியில் ராமனாக இருந்த கூட்டுறவு வங்கி மேனேஜர் கைகூப்பி, "தப்புதான் சுவாமி, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். பாகவதர் அவசரமாக அடுத்த பாட்டை எடுத்து ராமாயணத்தைக் காப்பாற்றினார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பெண் எதைச் சொல்லி முடிப்பது?

"என்னங்க, தோட்டத்து பம்புல ஏதோ சத்தம்..."

"சத்தம் பம்பின் குற்றமா, அதைக் கேட்கும் செவியின் குற்றமா?"

பம்பு எரிந்துபோகும் வரை அந்த விவாதம் நடந்தது. விவாதத்தில் ரைதான் ஜெயித்தார். பாக்கு மரங்கள்தான் வாடின.

அதனால்தான் ஹலசினகட்டெ அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமை கடைசி பீரியடை வேதாவதி டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். பாடப்புத்தகம் இல்லாத ஒரு மணி நேரம். பிள்ளைகள் ஒரு விஷயத்தை எடுத்து மரியாதையாகப் பேச வேண்டும், எல்லோரும் பேசி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. "அந்த ஒரு மணி நேரம் கெடைச்சா போதும் மாராய்தி, மிச்ச நாளை நான் எப்படியாவது ஓட்டிடுவேன்" என்று, தினமும் அதே பஸ்ஸில் போகிற தோழியான என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் வேறு யாரும் இல்லையென்றால் நானும் அழுதிருப்பேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் வகுப்பு வாயே திறக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளும் கட்டி வைத்த பாக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "நீங்க சொல்றது சரிதான் டீச்சர், நாங்க ஒத்துக்கிறோம்" என்றார்கள். எதை ஒத்துக்கொள்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. அவரும் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்றா சொன்னேன்? விதி. ஊரே தாளமத்தளை கேட்டு வளர்ந்த ஊர், அப்படியே உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஜன்னல் பக்கம் கிருஷ்ணன் கட்சி, கதவுப் பக்கம் துரியோதனன் கட்சி.

அணை உடைந்தது.

பேசாத பிள்ளை பேசியது. பேசுகிற பிள்ளையை நிறுத்த முடியவில்லை. காய்கறிக் கடை பூவப்பாவின் மகள் யக்ஷிதா இருக்கிறாளே, அவள் எழுந்து கையை விரித்து, "அடே, கண்ணில்லாத தகப்பனுக்குப் பிறந்த காது இல்லாத மகனே!" என்று ஆரம்பித்தபோது பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வேதாவதி டீச்சர் பூரித்துப்போனார். இரண்டு வாரம் கழித்துத்தான் எதைத் திறந்துவிட்டோம் என்று புரிந்தது.

"டேய் கௌஷிக்! அவனை எதுக்குடா எருமைன்னு சொன்னே?"

"நான் சொல்லல டீச்சர். துரியோதனன் சொன்னான்."

"வாய் உன்னோடதுதானே?"

"வாய் என்னோடது, வார்த்தை அவனோடது டீச்சர். எனக்கு இவன் மேல மரியாதைதான். துரியோதனனுக்குத்தான் கொஞ்சம் கம்மி."

டீச்சர் அவனை உட்காரச் சொல்லிவிட்டார். ஏனென்றால் எங்கள் ஊரில் அது சட்டம். சபையில் பாத்திரம் திட்டினால் திட்டு இல்லை. தாரநாத ரையே எதிரில் இருக்கிறவரை நாய், நரி என்றெல்லாம் சொல்லிவிட்டு, முடிந்ததும் அவரோடு ஒரே பைக்கில் வீட்டுக்கு வருவார்.

அந்தச் சட்டம் வகுப்பைத் தாண்டி நடக்க ஆரம்பித்தது. சாப்பாட்டு வரிசையில் தள்ளினால், "பீமன் தள்ளினான் சார்." கணக்கு வாத்தியார் உமேஷ், வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்டால், "கர்ணன் தானம் பண்ணிட்டான் சார்." உமேஷ் நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், "அந்த பீரியடை எனக்குக் குடுங்க சார், நான் ரெண்டே வாரத்துல இதுங்களை மனுஷங்களா மாத்திக் காட்டுறேன்" என்றார். ஹெட்மாஸ்டர் சதாசிவ நாயக், "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அவர் பார்ப்போம் என்றால் நிஜமாகவே பார்ப்பார்.

ஜூலையில் ஆறு பொங்கியது. மாவட்டத்தில் மழை விடுமுறை மேல் விடுமுறை. அந்தச் சனிக்கிழமை விவாதமும் அதுதான்: மழைக்குப் பள்ளியை மூடலாமா? மூட வேண்டும் என்று கிருஷ்ணன் கட்சி. மூடக் கூடாது என்று துரியோதனன் கட்சி. இந்த முறை கட்சியை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்றதும் அதில் சேர யாருமே வரவில்லை. ஒரே ஒரு கை உயர்ந்தது. ரேணவ்வா.

ரேணவ்வா வட கர்நாடகத்துப் பாகல்கோட்டையிலிருந்து ஜூனில் வந்த பெண். அப்பா ரோட்டுக்குத் தார் போடுகிறவர், குடும்பம் பாலத்தடியில் தகர ஷெட்டில் இருக்கிறது. அவளுடைய வடக்கத்திப் பேச்சைக் கேட்டாலே எங்கள் பிள்ளைகளுக்கு உதடு துடிக்கும். அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுந்து நின்றாள். மழை, ஷெட், சாப்பாடு என்று ஏதோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். இன்னும் முடிக்கவில்லை. யக்ஷிதா எழுந்தாள்.

"நிறுத்து! சபையோரே, இவன் துரியோதனனா, வேஷம் மாறி வந்த பீமனா? ராஜ சபையில நின்னு சோத்தைப் பத்தியே பேசுறானே!"

கூரை ஓடு அதிரச் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது அவர்கள் வயசு. வேதாவதி டீச்சரும் சிரித்தார். ஒரு நொடிதான். வாயைப் பொத்துவதற்குள் ரேணவ்வா அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்ததாம் டீச்சருக்கு.

"வேதாவதியவரே, பேச வைக்கணும்னு சொன்னீங்க. ஒரு பொண்ணு பள்ளிக்கூடத்தையே விட்டுட்டா."

"சார், நான்..."

"வர்ற சனிக்கிழமை நான் கடைசி பெஞ்சுல வந்து உக்காருவேன். அதோட முடிச்சுக்குவோம். அதுக்கப்புறம் அந்த பீரியடு உமேஷுக்கு."

உலகத்தில் தனக்கென்று கேட்டு வாங்கிய ஒரே ஒரு மணி நேரம். அதுவும் போகிறது. குடையை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தார். ரேணவ்வா ஷெட்டு வாசலில் ஈர விறகைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்ஷிதா சொன்னது தப்புதாம்மா. அதுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு..."

"அவ சொன்னது கெடக்கட்டும் டீச்சர். அவ வெளையாட்டுக்குச் சொல்லுதா. நான் என்ன சொன்னேன்?"

"என்னது?"

"அன்னிக்கு நான் எந்திச்சி நின்னு சொன்னேம்லா. என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

வேதாவதி டீச்சர் வாயைத் திறந்தார். பீமன் கிண்டல் ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. அதற்கு முன்னால் இந்தப் பெண் இரண்டு நிமிஷம் பேசியதில் ஒன்றும் நினைவில்லை.

"மழை... அப்புறம், சாப்பாடு..."

"அதான்" என்றாள் ரேணவ்வா. ஒரு விறகை ஓங்கித் தட்டினாள். "ஒருத்தரும் கேக்கல. நீங்களுந்தான் சிரிச்சீக."

புருஷன் தன்னை எப்படி நடத்துகிறாரோ அப்படியே இந்தப் பெண்ணைத் தான் நடத்தியிருக்கிறோமே என்று அந்த மழையில் நின்று டீச்சர் அழுதார். குடை பிடித்திருந்ததால் மழையென்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை.

"இப்ப சொல்லும்மா. நான் கேக்குறேன்."

"ஷெட்டுல எதுக்கு? அவுக எல்லாரும் கேக்கணும்லா. சனிக்கெழம வாரேன். கேக்கலன்னா பையத் தூக்கிட்டு அப்பவே போயிருவேன்."

மறுநாள் காலையில் நீர்தோசைத் தட்டை வைத்துக்கொண்டே டீச்சர் புருஷனிடம் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு சட்டம். நான் சொன்னதை முதல்ல நீங்க திருப்பிச் சொல்லணும். 'ஆமா, அதான் சொன்னேன்'னு நான் ஒத்துக்கிட்ட பிறகுதான் பதில் சொல்லலாம்."

"ஓஹோ. இது எந்தப் புராணத்துல வருது?"

"என் புராணத்துல வருது. கேளுங்க. ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்கு நான் மட்டும் போறேன்."

தாரநாத ரை தொண்டையைச் செருமினார். "அதாவது, இருபத்து மூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்த இந்த ஏழையைத் துறந்து..."

"இல்ல."

"அதாவது, என் தோசையை நானே வார்த்துக்கொள்ள வேண்டும் என்று..."

"அதுவும் இல்ல."

தோசை ஆறிப்போனது. கிருஷ்ணன் தூது போகும் கதையில் மூன்று மணி நேரம் அசராமல் பேசுகிற மனிதர், ஐந்தாவது முயற்சியில்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கு நீ மட்டும் போறே."

"ஆமா, அதான் சொன்னேன்."

"இப்ப நான் பதில் சொல்லலாமா?"

"தாராளமா."

ரை வாயைத் திறந்தார். மூடினார். வாலிக்கே இப்படி நேர்ந்ததில்லை. "போயிட்டு வா" என்றார்.

அந்தத் தெம்போடு டீச்சர் சனிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தார். கடைசி பெஞ்சில் ஹெட்மாஸ்டர், மடியில் டைரி. வெளியே வராந்தாவில் உமேஷ், இப்போதே சாக்பீஸ் டப்பாவோடு. கதவுப் பக்கம் ரேணவ்வா, பை தோளிலேயே.

"இன்னியிலேருந்து கிருஷ்ணனும் இல்ல, துரியோதனனும் இல்ல. அவங்கவங்க பேரைச் சொல்லித்தான் பேசணும்" என்றார் டீச்சர்.

கௌஷிக் பதறினான். "அப்ப நான் யார் பேர்ல திட்டுறது டீச்சர்?"

"உன் பேர்லயே திட்டு. அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லிட்டுத் திட்டு."

கௌஷிக்கின் அப்பா மர ஆலையில் கோடாலி பிடிக்கிறவர். அவன் உட்கார்ந்துவிட்டான்.

புருஷனிடம் சோதித்த சட்டத்தையும் சொன்னார். "மொதல்ல ரேணவ்வாவுக்கு யக்ஷிதா பதில் சொல்லட்டும்."

யக்ஷிதா உற்சாகமாக எழுந்தாள். "என் பேரு யக்ஷிதா, பூவப்பா மகள். ரேணவ்வா போன வாரம் சொன்னது என்னன்னா, மழை வந்தா அவளுக்குச் சோறு வேணும்."

"இல்ல" என்றாள் ரேணவ்வா.

"மழையில பசி ஜாஸ்தி எடுக்கும்னு..."

"இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். யக்ஷிதாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுடைய வாழ்க்கையிலேயே அது முதல் தடவை. காது சிவந்துவிட்டது. "நான் கேக்கல டீச்சர்" என்றாள். பிறகு ரேணவ்வா பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை சொல்லேன்" என்றாள்.

ரேணவ்வா எழுந்தாள்.

"என் பேரு ரேணவ்வா. எங்கய்யா பேரு யமனப்பா. உங்களுக்கு மழைன்னா லீவு. எங்கய்யாக்கும் மழைன்னா லீவுதான், தார் போட முடியாதுல்லா. ஷெட்டு ஒழுகும், வெறகு பத்தாது. எங்களுக்குக் காஞ்ச எடம்னா இந்தப் பள்ளிக்கூடம்தான். மத்தியானம் இங்கதான் சுடுசோறு. நீங்க லீவு கேட்டா, அன்னிக்கு எனக்கும் தம்பிக்கும் ரெண்டும் இல்ல. இதான் சொன்னேன்."

யக்ஷிதா தடுமாறித் தடுமாறி, இடையில் ஒரு தடவை "காஞ்ச எடம்" என்று அவளைப் போலவே சொல்லி, முழுதையும் திருப்பிச் சொன்னாள். இந்த முறை யாருக்கும் உதடு துடிக்கவில்லை.

"ஆமா, அதான் சொன்னேன்" என்றாள் ரேணவ்வா. பையைத் தோளிலிருந்து இறக்கி பெஞ்சில் வைத்தாள்.

"இப்ப நான் பதில் சொல்லலாமா?" யக்ஷிதா விடுகிறவள் இல்லை. "நீ பாலத்தடியிலேருந்து ரோட்டுலயே நடந்து வந்துடுவே. அக்கரையிலேருந்து நாங்க பதினாலு பேர் வர்றோம். ரெண்டு பாக்கு மரத்தைப் போட்டுக் கட்டின பாலம். தண்ணி ஏறினா எங்க ஜனனி அக்கா மாதிரி வழுக்கி விழ வேண்டியதுதான். அவங்க கால் இன்னும் சேரல. லீவு எங்களுக்கு வெளையாட்டு இல்ல."

இப்போது ரேணவ்வா முறை. அவளும் இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். "அப்ப ஒண்ணு செய்யலாம்லா? வகுப்பு வேண்டாம். சமையக்கட்ட மட்டும் தெறந்து வைக்கட்டும். வர முடிஞ்சவுக வந்துக்கிடட்டும்."

பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார்.

"நல்லா இருந்துச்சு. சமையலறை விஷயத்தை நான் மேல எழுதிக் கேக்குறேன். ஆனா நான் வந்தது வேற விஷயத்துக்கு. அடுத்த வாரத்துலேருந்து இந்த பீரியடு..."

வேதாவதி டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்" என்றாள் யக்ஷிதா. "உங்க பேரு?"

மற்ற நாற்பது பிள்ளைகளும் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்கள்.

"சதாசிவ நாயக். அனந்த நாயக் மகன்" என்று அவர் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

"நன்றி சார். நீங்க டீச்சருக்குத்தானே பதில் சொல்றீங்க? அப்ப முதல்ல டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும் சார்."

"டீச்சர் ஒண்ணுமே சொல்லலையே!"

"அப்ப அவங்க சொல்லட்டும் சார்."

ஹெட்மாஸ்டர் வேதாவதி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"என் பேரு வேதாவதி. இந்தப் பிள்ளைங்களுக்குப் பேசறதை நான் கத்துத் தரவேண்டியதில்ல சார், அது தாய்ப்பாலோட வந்தது. கேக்கத்தான் தெரியல. எனக்கும் தெரியல. அன்னிக்கு நானும் சிரிச்சேன். அதைக் கத்துக்க எங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் வேணும், ஒரு வாரத்துல அது வராது."

யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்துவிட்டோம் என்று அவருக்கே நம்பிக்கை வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது, கணக்கை விட இது முக்கியம்னு..."

"இல்ல சார்."

"பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் வரணும்னு..."

"அதுவும் இல்ல சார்."

"இருங்க, இருங்க. பேசறது தாய்ப்பாலோட வந்துடுச்சு. கேக்கறது வரல. உங்களுக்கும் வரல. அதுக்கு நாளாகும். ஒரு மணி நேரம் வேணும்."

"ஆமா சார். அதான் சொன்னேன்."

பரீட்சையில் பாஸானவர் மாதிரி ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்தது. பிறகு நினைவு வந்து, "சரி, இப்ப என் விஷயத்தைச் சொல்லலாமா?" என்றார்.

"சொல்லலாம் சார். ஆனா ரேணவ்வா இதே விஷயத்துக்குக் கை தூக்கியிருக்கா. அதுக்கப்புறம் கௌஷிக். அதுக்கப்புறம்..." யக்ஷிதா திரும்பிப் பார்த்தாள். வகுப்பு முழுக்கக் கைகள். "எல்லாருமே சார்."

ரேணவ்வா சொன்னதை ஹெட்மாஸ்டர் இரண்டாவது முயற்சியில் பிடித்தார். கௌஷிக் சொன்னது அவனுக்கே புரியாததால் நாலு முயற்சி ஆனது. மூன்றாவது பிள்ளை பாதியில் இருந்தபோது மணி அடித்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க சார்" என்றது வகுப்பு.

மழை ஓய்ந்து தசரா விடுமுறையும் முடிந்துவிட்டது. சதாசிவ நாயக் இன்னும் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைசி பெஞ்சுக்கு வருகிறார். இப்போதெல்லாம் முதல் முயற்சியிலேயே பிடித்துவிடுகிறார், பிடித்ததும் பக்கத்துப் பிள்ளையைப் பெருமையாகப் பார்க்கிறார். போன வாரம் ஆசிரியர் அறையில் உமேஷ் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"சார், அந்த பீரியடு எனக்குன்னு சொன்னீங்களே?"

"இரு மாராயா, அவசரப்படாதே" என்றார் ஹெட்மாஸ்டர். "இன்னும் இருபத்தாறு பேர் பாக்கி. என் முறை வரட்டும்."